பத்து இருபதுக்கு வந்தவள்

வேலம்பாளையத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரிசில்லாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஈசிஜி சிஸ்டர். நெஞ்சு, முதுகு, தோள், தாடை, மேல்வயிறு என்று எங்கே வலி சொன்னாலும் முதலில் படுக்க வைத்து ஒயரை மாட்டிவிடுவாள். பல் வலிக்கிறது என்று வந்த லாரி டிரைவருக்குக்கூட எடுத்திருக்கிறாள். ஈசிஜி பேப்பர் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று மேலிடத்திலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். டாக்டர் தரணீதரன்தான் ஏதோ பதில் எழுதிச் சமாளித்தார். சிஸ்டருக்கு வேலையில் அவ்வளவு அக்கறை என்று எல்லோரும் நினைத்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை அவள் ஏழு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

கணியூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் கரும்புக்காட்டு வேலைக்குப் போனவர்கள். சபையார் உதவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தாள். காதர்பேட்டையில் மொத்த வியாபார பனியன் கடையொன்றில் வேலை பார்த்த இளங்கோவைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆஸ்பத்திரி ஷிஃப்ட் வீட்டுக்கு ஒத்துவரவில்லை. அப்போதுதான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்கு நர்ஸ் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. ஞாயிறு லீவு. சேர்ந்துவிட்டாள்.

அறுநூறு பேர் வேலை செய்யும் இடம். அவள் அறையில் ஒரு கட்டில், பிபி பார்க்கும் கருவி, ஒரு மருந்துப் பெட்டி, ஒரு நோட்டு. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போது அந்த அறையையும் நோட்டையும் பார்ப்பார்கள். விரலில் ஊசி ஏறியவர்கள் வருவார்கள். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுகிறவர்கள், தூரத்து வயிற்று வலிக்கு மாத்திரை கேட்கிறவர்கள், எல்லாவற்றையும்விட அதிகமாக, வாயுத் தொல்லைக்காரர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது வயிறு எரிகிறது என்பார்கள். பிங்க் நிற மருந்து இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்புவாள்.

2017 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. கிறிஸ்துமஸ் ஆர்டருக்கான ஷிப்மெண்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. காலை பத்து இருபதுக்கு மூக்கம்மாள் வந்தாள். ஓவர்லாக் மிஷினில் விளிம்பு தைக்கும் டெய்லர், முப்பத்தெட்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அதிகம் பேச மாட்டாள், லீவு எடுக்க மாட்டாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“அக்கா, மேவயிறு எரிச்சலா இருக்கு. தாடையெல்லாம் கடுக்கு. ஒரு மாதிரி படபடன்னு வருது.”

“காலைல என்ன கண்ணு சாப்ட்டீங்க?”

“நேத்து வச்ச கொழம்புதான். அதுவா இருக்குமோ?”

“அதுதானுங்க. வெறும் வயித்துல டீ வேற குடிச்சிருப்பீங்க.”

மூக்கம்மாள் சிரித்தாள். பிரிசில்லா பிபி பார்த்தாள். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். வேர்வையைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. தையல் பிரிவில் அந்த நேரத்துக்கு எல்லோருக்கும் வேர்க்கும். மாரடைப்பு என்றால் ஐம்பது தாண்டிய ஆண், நெஞ்சின் இடப்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு வருவான் என்றே அவள் மனதில் பதிந்திருந்தது. மருந்தை ஊற்றிக் கொடுத்தாள். “அரை மணி நேரம் படுக்கறீங்களா?” என்று கேட்டாள். “இல்லக்கா, சூப்பர்வைசர் ஏசுவாரு” என்று மூக்கம்மாள் எழுந்து போனாள். பிரிசில்லா நோட்டில் நேரம், பெயர், ‘வாயு’ என்று எழுதினாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஆள் ஓடி வந்தது. மூக்கம்மாள் மிஷின் மேலேயே சரிந்து கிடந்தாள். பக்கத்து மிஷின் விஜயகுமாரி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். வெட்டுத் துணிகளைத் தள்ளிவிட்டு, தரையில் கிடத்தி, பிரிசில்லா நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். கம்பெனி வேன் சரக்கு ஏற்றப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை இருபத்திரண்டு நிமிடம் அழுத்தினாள். விலா எலும்பு முறிவது கையில் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

மறுநாள் காலை எச்ஆர் மேனேஜர் மருதாசலம் அவள் அறைக்கு வந்தார். எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். அன்றும் அப்படித்தான் பேசினார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க சிஸ்டர். அடுத்த வாரம் ஆடிட் வருதுங்க. காலைல வந்தாங்க, மருந்து குடுத்தீங்க, திருப்பி மிஷினுக்கு அனுப்பினீங்கன்னு நோட்டுல இருந்தா கம்பெனிக்குக் கஷ்டமுங்க. உங்களுக்கும்தான். லைசென்ஸ் போயிட்டா அப்புறம் என்னங்க பண்ணுவீங்க?”

“நான் என்னங்க சார் பண்றது?”

“அந்தப் பக்கத்தை மட்டும் மாத்தி எழுதிருங்க. அவங்க வரவே இல்லீங்க.”

புதுத் தாளும் அவரே கொண்டுவந்திருந்தார். அன்றைக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பதினோரு பெயரை எழுதினாள். கை நடுங்கவில்லை என்பதுதான் பிற்பாடு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சாதாரணமாக எழுதுவதுபோலவே எழுதியிருந்தாள். பழைய தாளை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூக்கம்மாளின் உடலை ஊருக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். ஐந்து மாதம் கழித்து வேலையை விட்டாள். வீட்டில் காரணம் கேட்டதற்குக் கால் வலி என்றாள்.

ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். அந்த வருடத்தில்தான் படித்தாள். மூத்த மகள் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்த பாடங்களையும், பழைய புத்தகங்களையும். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாக வராமல் தாடையிலும் முதுகிலும் மேல்வயிற்றிலும் வரலாம். வாந்தி வருவதுபோல் இருக்கலாம், குப்பென்று வேர்க்கலாம். இதெல்லாம் அவளுக்கு நர்சிங்கில் ஒரு முறை சொல்லிக் கொடுத்ததுதான். பரீட்சையில் எழுதியும் இருந்தாள். கம்பெனியிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு கிளினிக் இருந்தது. அங்கே ஈசிஜி மிஷின் இருந்தது. அந்தக் கணக்கை அவள் எத்தனை முறை போட்டுப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. பத்து இருபதுக்கும் பன்னிரண்டு ஐம்பதுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம். இதயத்தை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட அது தாராளமான நேரம்.

2019இல் ஒப்பந்த நர்சாக சுகாதார நிலையத்தில் சேர்ந்தாள். மாரடைப்புக்காரர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் அங்கேயே கொடுப்பதற்குப் பின்னாளில் மாத்திரை வந்தது. மூன்று வகை, மொத்தம் பதினான்கு. அவற்றை எண்ணிச் சின்ன உறைகளில் போட்டு, எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பாள்.

2024 மார்ச்சில் முனீஸ் வந்தான். நிட்டிங் மிஷின் ஆப்பரேட்டர், முப்பத்தொன்பது வயது. கூட வேலை செய்கிறவன் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தான்.

“சிஸ்டர், ஒரு வாயு மாத்திர மட்டும் குடுங்க. மிஷின ஓட விட்டுட்டு வந்திருக்கேன்.”

“படுங்க சொல்றேன்.”

“இல்ல சிஸ்டர், லேட்டாயிரும்.”

“படுங்க.” அவள் குரல் உயர்ந்ததில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் ஈசிஜியில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. டாக்டர் தரணீதரன் பார்த்துவிட்டு, “நார்மலாத்தான் இருக்கு, சிஸ்டர்” என்றார். முனீஸ் சட்டையைப் போட எழுந்தான். பிரிசில்லா அவன் தோளைப் பிடித்து மறுபடியும் படுக்க வைத்தாள். “பதினஞ்சு நிமிசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துரலாமுங்க சார். வேர்வையைப் பாருங்க.” டாக்டர் சரி என்றார்.

இரண்டாவதில் கோடு ஏறியிருந்தது. இதயத்தின் கீழ்ப்பக்கம் அடைப்பு. டாக்டர் ஆம்புலன்சுக்குச் சொன்னார், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஈசிஜியைப் படமெடுத்து அனுப்பினார். பிரிசில்லா உறையைப் பிரித்தாள். பதினான்கு மாத்திரையையும் பார்த்து முனீஸ் மிரண்டான். “இம்புட்டா?” “இம்புட்டுந்தானுங்க. மென்னு முழுங்குங்க.” இன்னொரு நர்ஸ் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்து வந்தாள். “அது வேண்டாம், பிபி தொண்ணூறுதான் இருக்கு. வச்சா இன்னும் இறங்கிரும்” என்று பிரிசில்லா தடுத்தாள்.

ஆம்புலன்சில் அவளும் ஏறினாள். போக வேண்டிய கட்டாயம் இல்லை. டாக்டரிடம் கேட்கவும் இல்லை. ரயில்வே மேம்பாலம் ஏறும்போது முனீஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கண் மேலே செருகியது. மானிட்டரில் கோடு தாறுமாறாகத் துடித்தது. டெக்னீஷியன் ஷாக் கொடுத்தான். துடிப்பு திரும்பி வரவில்லை. அவள் அழுத்தினாள். வெளியே பனியன் மூட்டை ஏற்றிய ஒரு டெம்போ வழி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது ஷாக்கில் கோடு சீரானது. கொஞ்ச நேரத்தில் முனீஸ் இருமினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. அன்றைக்கே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அவன் மனைவி சித்ராதேவி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முனீஸ் இளைத்திருந்தான். ஆனால் நடந்து வந்தான். சித்ராதேவி பிரிசில்லாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“வாயுன்னு சொல்லி அனுப்பியிருந்தா எம்பிள்ளைக அனாதையா நின்னுருக்கும் சிஸ்டர். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

பிரிசில்லா கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். அதுவரை, காலையிலேயே கண்டுபிடித்திருந்தாலும் மூக்கம்மாள் பிழைத்திருக்க மாட்டாளோ என்று ஒரு சந்தேகத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். முனீஸ் எழுந்து நடந்து வந்து நின்றதும் அது போய்விட்டது.

அன்று மாலை இளங்கோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஏழு வருசமாச்சு. இப்பப் போய் அதக் கிளறி யாருக்கு என்ன கெடைக்கும் புள்ள?”

“எனக்குத் தெரியலீங்க.”

“வேல போயிரும். கேசுன்னு ஏதாவது வந்தா?”

“வரட்டுங்க.”

விஜயகுமாரியைத் தேடிப் பிடித்து முகவரி வாங்கினாள். மூக்கம்மாளின் புருஷன் பொன்னுச்சாமி இன்னும் திருப்பூரில்தான் இருந்தார். ஒரு கம்பெனியில் இஸ்திரி போடுகிறார், வரிசையாகக் கட்டிய லைன் வீடொன்றில் தனியாக இருக்கிறார் என்றாள் விஜயகுமாரி. “மக ஒருத்தி உண்டுல்லங்க?” என்று பிரிசில்லா கேட்டதற்கு, “அந்தப் புள்ள அப்பன்கூட பேசறதில்லீங்க” என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போனாள். ஒரே அறை. நாடாக் கட்டில், ஸ்டவ், சுவரில் மூக்கம்மாளின் படம். பொன்னுச்சாமிக்கு ஐம்பதுக்குள்தான் இருக்கும், அறுபதுபோல் தெரிந்தார். நர்ஸ் என்றதும் உட்காரச் சொல்லி டீ வாங்கி வரக் கிளம்பினார். வேண்டாமென்று தடுத்து, நின்றபடியே சொன்னாள். மூக்கம்மாள் வந்த நேரம், தான் கொடுத்த மருந்து, மாற்றி எழுதிய பக்கம்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“வலின்னு சொன்னாளா?”

“சொன்னாங்க.”

“கம்பெனில கேட்டோமே. ஒரு வார்த்த சொல்லல, வரவே இல்லன்னு நோட்டக் காட்டுனாங்களே.”

“அந்த நோட்டுதானுங்க நான் மாத்துனது.”

அவர் தலையைக் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். அன்று காலை மூக்கம்மாள் உடம்பு சரியில்லை, இன்னைக்கு ஒரு நாள் படுத்துக்கிறேன் என்றிருக்கிறாள். ஷிப்மெண்ட் நேரத்துல லீவு போட்டா வேலையை விட்டு நிறுத்திருவான், போயிட்டு வா என்று இவர்தான் அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் சத்தமாகவே. பதினொரு வயது மகள் ஆஷா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் மூக்கம்மாளின் அண்ணன் எல்லோர் முன்னாலும் கத்தினான். இவனுக்குப் பயந்துதான் வலியை வாயில் சொல்லாமலே செத்தாள், கம்பெனி நோட்டே சாட்சி என்றான். ஆஷாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் அப்பா என்று கூப்பிடவில்லை.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். எனக்குப் பயந்துதான் அவ மூடி வச்சிட்டான்னு.” அவர் நிமிர்ந்தார். “அப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா பொழச்சிருப்பாளா?”

எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த பதிலை, சுவரிலிருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

“பொழச்சிருக்கலாமுங்க. நெறைய வாய்ப்பு இருந்துச்சு.”

பொன்னுச்சாமி எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார். முதுகு குலுங்கியது. அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். அவர் திரும்பி வந்து செல்போனை எடுத்து நம்பர் தேடினார்.

“இத எம்பொண்ணுகிட்ட சொல்லுங்க. நான் கூப்ட்டா எடுக்க மாட்டா. நம்பர் தாரேன், ஒங்க போன்ல இருந்து போடுங்க.”

போட்டாள். நான்காவது மணியில் ஒரு பெண் குரல் எடுத்தது. பிரிசில்லா தான் யார் என்று சொன்னாள், பிறகு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். முடித்ததும் ஆஷா கேட்டாள்.

“எங்கம்மா ஒங்ககிட்ட வந்து என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“அக்கா, மேவயிறு எரிச்சலா இருக்கு, தாடையெல்லாம் கடுக்குன்னாங்க. படபடன்னு வருதுன்னாங்க. நேத்து வச்ச கொழம்பா இருக்குமோன்னு கேட்டாங்க.”

“சிரிச்சாங்களா?”

“ஆமாங்க. சிரிச்சாங்க.”

நீண்ட மூச்சுச் சத்தம் கேட்டது.

“இத ஏன் அப்ப சொல்லல?”

பிரிசில்லாவிடம் பதில் இருந்தது. பயம், வேலை, பிள்ளைகள். எதையும் சொல்லவில்லை. ஆஷா போனை வைத்துவிட்டாள்.

பொன்னுச்சாமி கேட்டபடி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து மகளுக்கு அனுப்பினார் என்று விஜயகுமாரி சொன்னாள். விஷயம் எட்டியதும் பழைய கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்து, மருதாசலம் வேலையை விட்டுப் போய் நாலு வருடமாகிறது, பழைய நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது, நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்றார். டாக்டர் தரணீதரனிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர் மேலே எழுத வேண்டியிருந்தது, எழுதினார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதில் அனுப்பினாள். விசாரணை இருக்கிறது என்று சொன்னார்கள். ஒரு வருடமாகியும் தேதி வரவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் மூன்று மூன்று மாதமாக நீட்டித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன ஜனவரியில் பொங்கல் முடிந்த வாரம், புறநோயாளிகள் வரிசையில் ஒரு பெண் நின்றிருந்தாள். பதினெட்டுப் பத்தொன்பது வயது. முறை வந்ததும் சீட்டை நீட்டினாள். ஆஷா, தகப்பன் பெயர் பொன்னுச்சாமி.

“சின்ன வயசுலயே அம்மாவுக்கு வந்ததுன்னா பிள்ளைகளும் பாத்துக்கணும்னு படிச்சேன். எனக்கு ஈசிஜி எடுக்கணும்.”

பிரிசில்லா தலையாட்டினாள். திரையை இழுத்துவிட்டு, மற்ற நர்சைக் கூப்பிடவா என்று கேட்டாள். “இல்ல, நீங்களே எடுங்க” என்றாள் ஆஷா. கையிலும் காலிலும் கிளிப்பை மாட்டி, நெஞ்சில் ஜெல் தடவி ஆறு இடத்திலும் ரப்பர் குமிழ்களை ஒட்டினாள். மூக்கம்மாளின் அதே அகன்ற நெற்றி. ஆஷா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பேப்பர் வந்தது. பிரிசில்லா இரண்டு முறை பார்த்தாள். டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வந்தாள்.

“நல்லா இருக்குதுங்க. ஒண்ணும் இல்லீங்க. வருசம் ஒருக்கா சுகரும் பிபியும் பாத்துக்கங்க, கொழுப்பும் பாத்துருங்க.”

ஆஷா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

“இத எடுக்க இம்புட்டு நேரந்தானா?”

“அஞ்சு நிமிசமுங்க.”

ஆஷா அவளை நேராகப் பார்த்தாள். அதுவரை பார்க்கவில்லை. அவள் பேப்பரை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கேட்டுக்குப் பக்கத்தில் பொன்னுச்சாமி ஒரு பழைய டிவிஎஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். ஆஷா பின்னால் ஏறினாள். அவர் தோளைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

பிரிசில்லா கட்டில் விரிப்பை மாற்றினாள். ஜெல் ஒட்டியிருந்த குமிழ்களைப் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வரிசையில் அடுத்து ஒரு வயதான அம்மாள் முழங்கால் வலி என்று உட்கார்ந்திருந்தாள்.

“வேற எங்கீங்கம்மா வலிக்குது?” என்று கேட்டுக்கொண்டே அவளை உள்ளே கூப்பிட்டாள்.